ஜெராக்ஸ் கடைக்காரன் பார்த்த திருச்சிக் கல்லூரிகள்

முசிறி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. 22 வருடமாக ஊரார் பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியலைக் கண்ணாடியில் கவிழ்த்து மூடியை அழுத்திக்கொண்டிருக்கிறேன். எந்தப் பிள்ளை எந்தக் கல்லூரிக்குப் போகிறது, எது மூன்று வருடத்தில் பட்டத்தோடு திரும்புகிறது, எது முதல் வருடத்திலேயே மாற்றுச் சான்றிதழோடு வந்து நிற்கிறது என்பதெல்லாம் என் கடையைத் தாண்டித்தான் போயாக வேண்டும். அதனால் மே மாதம் பிறந்தால், "திருச்சியில் எந்தக் கல்லூரிங்க நல்லது?" என்று நாலு பேராவது என்னிடம் கேட்பார்கள். நானும் கல்வி அமைச்சர் தோரணையில் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இந்த வருடம் என் வீட்டிலேயே இரண்டு பேர் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தார்கள். இரட்டையர். மகள் தம்பியைவிட ஆறு நிமிடம் மூத்தவள். அதை அவன் மறந்துவிடாமல் பார்த்துக்கொள்கிறாள். அவளுக்கு இயற்பியல் வேண்டும், அவனுக்கு வணிகவியல். இத்தனை வருடம் ஊருக்குச் சொன்ன யோசனையில் ஒன்றுகூட நேரில் போய்ப் பார்த்துச் சொன்னதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் படித்ததே உள்ளூர் அரசுக் கல்லூரியில்தான். திருச்சிக் கல்லூரிகளின் முத்திரைகள் எனக்கு அத்துப்படி, உள்ளே கால் வைத்ததில்லை.

கடையை மனைவியிடம் விட்டுவிட்டு மூன்று நாள் திருச்சியில் சுற்றினோம். ஆளுக்கு ஓர் அளவுகோல். மகள் கழிப்பறையைப் பார்த்தாள்: தாழ்ப்பாள் உண்டா, குழாயில் தண்ணீர் வருகிறதா. மகன் பஸ் நிறுத்தத்திலிருந்து வகுப்பறை வாசல்வரை எத்தனை நிமிடம் என்று கைப்பேசியில் கணக்குப் போட்டான். நான் என் தொழில் புத்திப்படி அறிவிப்புப் பலகைகளைப் படித்தேன். ஒரு துறை உயிரோடு இருக்கிறதா என்பதை அதன் பலகையில் ஒட்டியிருக்கும் தாளின் தேதி சொல்லிவிடும். போன வாரத் தேதி இருந்தால் உள்ளே ஏதோ நடக்கிறது. கண்ணாடிக்குள் பழுத்துப்போன தாள் சுருண்டு கிடந்தால் ஆசிரியர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புகிறார்கள் என்று அர்த்தம்.

முசிறியிலிருந்து திருச்சி நாற்பது கிலோமீட்டர் சொச்சம். காவிரிக் கரையோடு குணசீலம் வழியாக வரும் பஸ் சத்திரம் பஸ் நிலையத்தில் இறக்கிவிடும். இறங்கி நிமிர்ந்தால் ஒரு பக்கம் மலைக்கோட்டை, இன்னொரு பக்கம் லூர்து மாதா கோயிலின் கூர்கோபுரம். அந்தக் கோபுரத்தை ஒட்டியதுதான் தூய வளனார் கல்லூரி. முசிறியில் அப்படிச் சொன்னால் யாருக்கும் புரியாது. 'ஜோசப்' என்றால்தான் புரியும். மகனின் கணக்கில் இதற்குத்தான் முதலிடம். பஸ்ஸிலிருந்து வாசலுக்குச் சாலையைக் கடந்தால் போதும். ஆனால் சத்திரத்தில் அந்தச் சாலையைக் கடப்பதே மூன்று வருடப் படிப்பு.

சேசு சபையார் 1844 இல் நாகப்பட்டினத்தில் தொடங்கிய கல்லூரி இது. 1883 இல் திருச்சிக்கு மாறியது. உள்ளே போனதும் சத்திரத்து ஹாரன் சத்தம் பின்வாங்கிவிடுகிறது. உயரமான தாழ்வாரம், தடித்த சுவர். மே மாத வெயிலில் அந்தத் தாழ்வாரத்தில் நின்றால் மண்பானைக்குள் நிற்பது மாதிரி இருக்கிறது. இப்போது கட்டுகிற கட்டடங்களில் இந்தக் குளிர்ச்சியைப் பணம் கொடுத்தாலும் வாங்க முடியாது.

ஜோசப்பின் பெயருக்கு எங்கள் ஊரில் ஒரே காரணம்தான் சொல்வார்கள்: கலாம் படித்த கல்லூரி. உண்மைதான். அப்துல் கலாம் இங்கேதான் இயற்பியல் படித்து 1954 இல் பட்டம் பெற்றார். நானும் அதைப் பெருமையாக எடுத்துச் சொன்னேன். மகள், "அவர் படித்துவிட்டுப் போய் எழுபது வருடம் ஆகிறது, அப்பா. இப்போது யார் பாடம் எடுக்கிறார்கள் என்று கேளுங்கள்" என்றாள். கல்லூரியின் பெயர் என்று நாம் சொல்வதில் பாதி இப்படிப்பட்ட பழைய இருப்புத்தான். சித்தப்பா படித்த காலத்துப் பெயர், தாத்தா வேலைக்குப் போன காலத்துப் பெயர். நல்லதானாலும் கெட்டதானாலும் முசிறிக்கு வந்து சேர இருபது வருடம் பிடிக்கிறது.

எனக்கு ஜோசப்பின் மேல் மரியாதை வந்தது வேறு வழியில். நாலைந்து வருடம் முன்பு தொட்டியத்துப் பெண் ஒருத்தி கடைக்கு வந்து சின்னச் சின்னச் சீட்டுகள் அச்சடிக்க வேண்டும் என்றாள். தாவரவியல் முதுகலை. செடியைப் பிடுங்கி, அழுத்தி, உலர்த்தி, தாளில் ஒட்டி, கீழே வலது மூலையில் ஒட்டுகிற சீட்டு அது. குடும்பம், பெயர், கிடைத்த இடம், கடல் மட்டத்திலிருந்து உயரம், தேதி, சேகரித்தவர் என்று ஆறு வரி. சீக்கிரம் மஞ்சளாகாத தாள் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். இங்க்ஜெட்டில் அடித்தால் ஈரம் பட்டதும் ஊறிவிடும், லேசரில்தான் நிற்கும் என்று என் பங்குக்கு நானும் சொன்னேன். செடி என்னவென்று பார்த்தால் ஆவாரை. இடம், பச்சைமலை. "ஏம்மா, நம் ஊர் வேலியெல்லாம் ஆவாரைதானே, இதற்கா மலை ஏறினாய்?" என்று கேட்டேன். "பூ முக்கியமில்லை, அண்ணா. இந்த இடத்தில் இந்தத் தேதியில் இது இருந்தது என்பதுதான் முக்கியம். ஐம்பது வருடம் கழித்து மலையில் அது இல்லாமல் போனால் இந்தத் தாள்தான் சாட்சி" என்றாள்.

ஜோசப்பில் ராபினாட் ஹெர்பேரியம் என்று உலர்த்திய தாவரங்களுக்கென்றே ஒரு காப்பகம் இருப்பதை அவள் சொல்லித்தான் அறிந்தேன். அருட்தந்தை கே.எம். மேத்யூ 1967 இல் தொடங்கியது. தமிழ்நாட்டுச் சமவெளித் தாவரங்களைப் பற்றி அவர் எழுதிய பெரிய தொகுதிகள் அந்தத் தாள்களிலிருந்து பிறந்தவை. கலாம் பெயரைச் சொல்லி மகனைச் சேர்க்க வருகிற எங்கள் ஊர்க்காரர்களில் ஒருவருக்கும் இது தெரியாது. நானும் அன்றைக்கு வரைக்கும் ஹெர்பேரியம் என்றால் ஏதோ மூலிகை மருந்துக் கடை என்றுதான் நினைத்திருப்பேன்.

ஜோசப்பிலிருந்து நடக்கிற தூரத்தில் ஹோலி கிராஸ். 1923 இல் சிலுவைச் சகோதரிகள் தொடங்கிய பெண்கள் கல்லூரி. மகனை வெளியே பெட்டிக் கடையில் நிறுத்திவிட்டு, காவலாளியிடம் பெயர் எழுதிக் கையெழுத்திட்டு உள்ளே போனோம். இடம் பெரிதில்லை. நகரத்தின் நடுவயிற்றில் இருக்கிற கல்லூரிக்கு ஏக்கர் கணக்கில் நிலம் எங்கிருந்து வரும்? ஆனால் இருக்கிற இடத்தை வீடு மாதிரி வைத்திருக்கிறார்கள். குப்பை இல்லை, சுவரில் கிறுக்கல் இல்லை. இயற்பியல் துறைப் பலகையில் நாங்கள் போன வாரத்துத் தேதியில் இரண்டு தாள். ஒன்று கையால் எழுதியது, அழகான எழுத்து. மகள் தன் சோதனையை முடித்துக்கொண்டு திரும்பி வந்து ஒரே வார்த்தை சொன்னாள்: "தாழ்ப்பாள்." தாழ்ப்பாள் இருக்கிறது என்று பொருள். இந்தக் கல்லூரிக்குச் சொந்தமாகச் சமுதாய வானொலி உண்டு, மாணவிகளே நிகழ்ச்சி நடத்துகிறார்கள் என்று தெரிந்ததும் அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். வீட்டில் அவள் பேச்சை நிறுத்த நாங்கள் படுகிற பாட்டுக்கு அங்கே ஒரு பயன் கிடைக்கும்.

பெண்களுக்கு இன்னொரு பழைய பெயர் சீதாலட்சுமி ராமசுவாமி கல்லூரி, எஸ்.ஆர்.சி. 1951 இல் தொடங்கியது. எங்கள் பக்கத்தில் அத்தை, பெரியம்மா என்று குடும்பத்துக்கு ஒருவர் அங்கே படித்திருப்பார்கள். அன்றைக்கு அலுவலகம் மூடும் நேரமாகிவிட்டதால் வெளியிலிருந்து பார்த்ததோடு சரி, அதனால் அதைப் பற்றி அளக்கப்போவதில்லை. முதல் நாள் கணக்கு மெயின்கார்டு கேட் மைக்கேல் ஐஸ்கிரீமோடு முடிந்தது. பிள்ளைகளின் கருத்துப்படி திருச்சியில் குறையே சொல்ல முடியாத நிறுவனம் அது ஒன்றுதான்.

இரண்டாம் நாள் செவ்வாய்க்கிழமை. புத்தூர் வழியாக வயலூர் போகிற பஸ்ஸில் ஏறினால் முருகனைப் பார்க்கப் போகிறவர்கள் கூட்டம். தேங்காய்ப் பழத் தட்டுக்கும் பூக்கூடைக்கும் நடுவில் சான்றிதழ்ப் பையைத் தூக்கிப் பிடித்தபடி பிஷப் ஹீபர் கல்லூரிக்குப் போய் இறங்கினோம்.

ஹீபரின் கதை விசித்திரமானது. ரெஜினால்டு ஹீபர் கல்கத்தாவின் பிஷப். 1826 இல் திருச்சிக்கு வந்தவர், ஏப்ரல் 3 அன்று குளிக்கப் போன குளத்திலேயே இறந்துபோனார். தூய யோவான் ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள். சில நாள் தங்க வந்தவரின் பெயர் இந்த ஊரோடு ஒட்டிக்கொண்டது. அந்தப் பெயரில் தெப்பக்குளம் பக்கம் இருந்த பழைய கல்லூரி பிறகு சென்னைக் கிறித்துவக் கல்லூரியோடு இணைந்துவிட்டது. தாம்பரத்தில் இன்றைக்கும் ஒரு விடுதிக்கு ஹீபர் பெயர்தான். புத்தூரில் இப்போது இருப்பது 1966 இல் புதிதாகத் தொடங்கியது. ஆகப் பெயருக்கு வயது அதிகம், வளாகத்துக்குக் குறைவு.

அந்த வளாகம் எனக்குப் பிடித்தது. ஜோசப்பில் கட்டடம் நிழல் தருகிறது என்றால் இங்கே மரம் தருகிறது. வணிகவியல் விசாரிக்க வந்த பெற்றோர் மரத்தடியில் சோற்று மூட்டையைப் பிரித்து உட்கார்ந்திருந்தார்கள். யாரும் விரட்டவில்லை. அலுவலகத்தில் இருந்த அம்மையார் மகனின் மதிப்பெண் பட்டியலை வாங்கிப் பார்த்துவிட்டு, என்னைப் பார்க்காமல் அவனைப் பார்த்து, "வணிகவியல்தான் வேண்டுமா, இல்லை மதிப்பெண்ணுக்கு அது கிடைக்கும் என்று சொன்னார்களா?" என்று கேட்டார். அவன் திணறினான். 22 வருடத்தில் விண்ணப்பம் நிரப்ப வந்த ஒரு பிள்ளையிடமும் நான் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

அன்று பிற்பகல் காஜாமலைப் பக்கம். அங்கே ஜமால் முகமது கல்லூரியும் பெரியார் ஈ.வெ.ரா. அரசுக் கல்லூரியும் அருகருகே இருக்கின்றன. ஜமால் 1951 இல் தொடங்கியது. ஜமால் முகமது சாகிபும் காஜாமியான் ராவுத்தரும் நிறுவியது. காஜா நகர் என்ற இந்தப் பகுதியின் பெயரே காஜாமியான் வழி வந்ததுதான் என்று ஆட்டோக்காரர் சொன்னார், அவர் வாக்கு. நிலம் தாராளம். சத்திரத்துக் கல்லூரிகளைப் பார்த்துவிட்டு இங்கே வந்தால் மூச்சு நீளமாக வருகிறது. உள்ளேயே பள்ளிவாசல், விரிந்த மைதானம். வணிகவியலுக்கு எங்கள் வியாபாரிகள் மத்தியில் ஜமாலுக்குத் தனி மதிப்பு உண்டு. முசிறிக் கடைவீதியில் கணக்குப் பார்க்கிறவர்களைக் கேட்டால் மூன்றில் ஒருவர் 'ஜமால்' என்பார். சிறுபான்மைக் கல்லூரி என்றாலே மற்றவர்களுக்கு இடம் இருக்காது என்று ஒரு பேச்சு ஊரில் உலவுகிறது. வராந்தாவில் எங்களோடு காத்திருந்த கூட்டத்தைப் பார்த்தால் அது வெறும் பேச்சு என்று தெரியும். திருநீறு பூசிய நெற்றிகளும் அங்கே வரிசையில் இருந்தன. ஒரு சங்கடம், தூரம். சத்திரத்தில் இறங்கி இன்னொரு பஸ் மாறி வர வேண்டும். மகனின் கைப்பேசிக் கணக்கு ஐம்பது நிமிடத்தைத் தாண்டியது.

பெரியார் கல்லூரி 1965 இல், பெரியாரே நன்கொடை கொடுத்துத் தொடங்கிய அரசுக் கல்லூரி. எங்கள் ஊரில் இதற்குப் பெயர் 'கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்'. மற்ற இடம் கிடைக்காவிட்டால் இது என்ற நினைப்பு. இந்த நினைப்பை என் கடையில் நானே எத்தனையோ முறை தலையாட்டி ஆமோதித்திருக்கிறேன். விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 ரூபாய், ஆக 50 ரூபாயில் முடிகிற விண்ணப்பத்தை மதிப்பில்லாததாக நினைக்கிற புத்தி நமக்கு. போட்டித் தேர்வு எழுதி வேலைக்குப் போனவர்களின் சான்றிதழ்கள் என் கண்ணாடிமேல் கிடந்ததை நினைத்துப் பார்க்கிறேன். அவற்றில் இந்தக் கல்லூரியின் முத்திரை கொஞ்சமா இருந்தது? நாங்கள் போனபோது விடுமுறைதான். ஆனாலும் வேப்பமரத்தடியில் ஏழெட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து பொது அறிவுக் கேள்விகளை ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "சௌரி சௌரா எந்த வருடம்?" என்று ஒருவன் கேட்க, மதில் ஓரமாக நின்ற என் மகன் "1922" என்றான். அவர்கள் சிரித்து, நகர்ந்து இடம் கொடுத்தார்கள். அரை மணி நேரம் அவன் அங்கிருந்து எழவில்லை.

நேஷனல் கல்லூரியைத் திண்டுக்கல் சாலையில் போகிறபோது பஸ்ஸிலிருந்து பார்த்தோம். 1919 இல் தொடங்கிய பழைய பெயர், பெரிய வளாகம். வெயில் தாங்காமல் பிள்ளைகள் இறங்க மறுத்துவிட்டார்கள். துவாக்குடி என்.ஐ.டி.யைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: அது பொறியியல், அதற்கு வாசல் ஜே.இ.இ. தேர்வு, என் கடையில் கேட்டுப் பயனில்லை. இன்னும் அதைப் பழைய பெயரில் ஆர்.இ.சி. என்று சொல்கிற பெரியவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள்.

மூன்றாம் நாள் நடந்ததைப் பெயர் போடாமல்தான் சொல்ல வேண்டும். நகரத்துக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரம், கண்ணாடி முகப்போடு ஒரு கல்லூரி. வாசலில் வரவேற்று, குளிரூட்டிய அறையில் உட்காரவைத்து, குளிர்பானம் கொடுத்து, வழவழப்பான தாளில் ஒரு விவரக் கையேடு கொடுத்தார்கள். முந்நூறு ஜி.எஸ்.எம். அட்டை, நாலு வண்ணம், மேட் லாமினேஷன். என் மதிப்பில் பிரதிக்கு எண்பது ரூபாய்க்குக் குறையாது. உள்ளே 'எங்கள் நூலகம்' என்று முழுப் பக்கப் படம். வளைந்த மரப் படிக்கட்டு, சுவரில் வட்டக் கடிகாரம், மணி பத்தே கால். எனக்கு அந்தக் கடிகாரத்தைத் தெரியும். போன வருடம் முசிறியில் ஒரு தனிப் பயிற்சி நிலையத்துக்கு நான் அடித்துக் கொடுத்த பேனரிலும் அதே படிக்கட்டு, அதே பத்தே கால். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிற படம். "நூலகத்தைப் பார்க்கலாமா?" என்று கேட்டேன். சாவி வைத்திருப்பவர் விடுப்பில் இருக்கிறார் என்றார்கள். மகள் கழிப்பறை கேட்டாள். அதற்கும் சாவி அலுவலகத்தில்தான் இருந்தது. குளிர்பானத்தைக் குடித்துவிட்ட பாவத்துக்குக் கால் மணி நேரம் வேலைவாய்ப்புப் பேச்சைக் கேட்டுவிட்டு வந்தோம்.

கிளம்பும்போது, இடத்தை உறுதி செய்ய அசல் மதிப்பெண் பட்டியலைக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். கொடுக்கவில்லை. கல்லூரிகள் அசல் சான்றிதழைப் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவே சொல்லியிருக்கிறது. ஆனாலும் அசலைக் கொடுத்துவிட்டு, வேறு கல்லூரியில் இடம் கிடைத்ததும் திரும்ப வாங்க முடியாமல் என் கடை வாசலில் நின்று கலங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு ஒப்பிட்டுத் திருப்பித் தரட்டும், பிரதியை வைத்துக்கொள்ளட்டும். பிரதி எடுக்கத்தானே நாங்கள் இருக்கிறோம்.

பெற்றோர் முக்கியமாகக் கேட்க வேண்டிய கேள்வியை இப்போதுதான் நானே கற்றேன். கல்லூரி எது என்பதற்கு அடுத்தபடியாக, எந்தப் பிரிவு? பழைய கல்லூரிகளில் பெரும்பாலும் ஒரே வளாகத்துக்குள் இரண்டு கல்லூரி இருக்கிறது. அரசு உதவி பெறும் பிரிவில் ஆசிரியர் சம்பளம் அரசு கொடுக்கிறது, கட்டணம் சொற்பம். சுயநிதிப் பிரிவில் அதே பாடத்துக்குப் பல மடங்கு. பல இடங்களில் அது இரண்டாம் ஷிப்ட். மதியத்துக்கு மேல் தொடங்கி மாலையில் முடியும். பட்டத்தில் இந்த வித்தியாசம் தெரியாது. முசிறி பஸ்ஸில் தெரியும். மாலையில் வகுப்பு முடிந்து, சத்திரம் வந்து, கூட்டத்தில் ஏறி, ஊர் வந்து சேரும்போது கடையை மூடிவிட்டு நான் சாப்பிட்டிருப்பேன். கல்லூரிகளை மதிப்பிடுகிற நாக் அமைப்பின் தரச்சான்று 'ஏ பிளஸ் பிளஸ்' என்று வாசலில் ஆளுயரப் பலகை வைக்கிறார்கள். எந்தப் பிரிவு எத்தனை மணிக்கு முடியும் என்பதையும் அதன் கீழே ஒரு வரி எழுதினால் புண்ணியமாகப் போகும்.

பணத்தைப் பற்றி ஒன்று. இருவரும் ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளி. அவளுக்குப் புதுமைப் பெண், அவனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் ஆளுக்கு மாதம் 1000 ரூபாய் கிடைக்கும். பஸ் செலவுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் அது காணும். அந்த விண்ணப்பத்தைக் கல்லூரி வழியாகத்தான் போட வேண்டும் என்பதால் கல்லூரி அலுவலகம் சுறுசுறுப்பாக இருக்கிறதா என்பதும் நமக்கு முக்கியம்.

மகளுக்கு ஹோலி கிராஸில் இயற்பியல் கிடைத்துவிட்டது, உதவி பெறும் பிரிவில். மகனுக்காக ஹீபர், ஜமால், பெரியார் கல்லூரி மூன்றுக்கும் போட்டிருக்கிறோம். ஹீபரில் காத்திருப்போர் பட்டியலில் பதினான்காவது பெயர். அவன் பெரியார் கல்லூரிக் கலந்தாய்வுத் தேதியைத்தான் தினமும் என் கடைக் கணினியில் திறந்து பார்க்கிறான். நேற்று வந்த வாடிக்கையாளர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "ஏங்க, ஜோசப்புக்குப் போடலையா? கலாம் படித்த கல்லூரியாச்சே" என்றார். மூடியை அழுத்தி, அவருடைய ஆதார் அட்டையை இரண்டு பிரதி எடுத்துக் கொடுத்தேன்.